டர்பனில் வாடகை வீட்டைப் பார்வையிடப் போகிறவர்களுக்கு: நேரம் வாங்குவது முதல் கையெழுத்து வரை

டர்பனில் நம்மவர்கள் பலர் வாடகை வீடுகளைக் கவனிக்கும் வேலைக்குள் மெல்ல மெல்ல வந்து சேருகிறார்கள். சிலருக்குச் சாட்ஸ்வர்த்தில் சொந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு அவுட்பில்டிங் இருக்கும். சிலர் மஸ்கிரேவிலோ அம்ஷ்லாங்காவிலோ ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருப்பார்கள். சிலர் ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்திருப்பார்கள். சுவரைப் பார்த்து, குழாயைத் திறந்து, குறிப்பெடுப்பது சீக்கிரமே பழகிவிடும். அந்த வீட்டுக்குள் முறையாகப் போக ஏற்பாடு செய்வதுதான் பாடுபட்டுக் கற்க வேண்டிய பகுதி. டெபாசிட் தகராறு வரும்போது யார் எப்போது சொன்னார்கள், யார் வந்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சாவி கையில் இருந்தால் போதாது

தென்னாப்பிரிக்காவில் இதற்கு அடிப்படை, ரென்டல் ஹவுசிங் ஆக்ட் என்று எல்லோரும் சொல்லும் 1999ஆம் ஆண்டின் 50ஆம் எண் சட்டம். குத்தகைக் காலம் முழுவதும் குடியிருப்பவருக்கு அந்தரங்க உரிமை உண்டு என்கிறது அதன் 4ஆம் பிரிவு. வீட்டுக்காரர் வீட்டைப் பார்வையிடலாம். ஆனால் நியாயமான முன்னறிவிப்புக் கொடுத்து, நியாயமான முறையில்தான். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரின் வீட்டையோ பொருட்களையோ துழாவித் தேடவும் முடியாது.

ஊரில் வீட்டுக்காரர் படியேறி வந்து, "என்னம்மா, தண்ணி சரியா வருதா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறை வரை வந்துவிடுவது சகஜம். இங்கே அது அத்துமீறல். அவுட்பில்டிங் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாக மனதில் வைக்க வேண்டும். ஒரே முற்றம், ஒரே கேட், துணி காயப்போடுவது ஒரே கொடியில் என்றாலும், அந்தக் கதவுக்கு அப்பால் இருப்பது வாடகை கொடுப்பவரின் வீடு.

முன்னறிவிப்பு எத்தனை மணி நேரம் என்று அந்தப் பிரிவு எண் போட்டுச் சொல்லவில்லை. ஆகவே எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் 24 மணி நேரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது போதவே போதாது. வழக்கமான சோதனைக்கு 7 நாள், பழுதுபார்க்க ஆள் அனுப்ப 48 மணி நேரம், வீடு காலியாகும் கடைசி மாதத்தில் புதியவர்களுக்குக் காட்ட 24 மணி நேரம் என்று பிரித்து எழுதினால் பின்னால் வாக்குவாதம் குறையும். கூடவே இவற்றையும் எழுதுங்கள்: அறிவிப்பு எந்த வழியில் போனால் செல்லும் (வாட்ஸ்அப்பா, மின்னஞ்சலா, இரண்டுமா), எந்த நாட்களில், எந்த மணிக்குள் வரலாம், குடியிருப்பவர் ஊரில் இல்லாவிட்டால் அவருக்குப் பதிலாக யார் கதவைத் திறப்பார், தண்ணீர்க்குழாய் வெடிப்பு, தீ போன்ற அவசரத்தில் என்ன செய்வது.

ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும் சட்டம் ஏற்கும். குடியிருப்பவர் கேட்டால் எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும். சொந்தக்காரருக்கு விட்டிருக்கிறோம், எழுதினால் தப்பாக நினைப்பார்கள் என்று தயங்காதீர்கள். சொந்தத்துக்குள்தான் எழுத்து அதிகம் தேவைப்படுகிறது.

வீட்டுக்கு ஒரு தாள்

நேரம் கேட்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள். ஒரு கம்ப்ளெக்ஸில் கதவில் எழுதியிருக்கும் எண்ணும் செக்ஷனல் டைட்டில் (ஒரே கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உரிமை) வரைபடத்தில் உள்ள செக்ஷன் எண்ணும் வேறு வேறாக இருக்கலாம். இரண்டையும் குறிக்காவிட்டால் எலெக்ட்ரீஷியன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். சாட்ஸ்வர்த்தில் பழைய ஆட்கள் இன்றும் யூனிட் எண், அதாவது பேட்டைக்கு இட்ட எண், சொல்லித்தான் வழி காட்டுவார்கள்; ஆகவே பேட்டையின் பெயர், யூனிட் எண், தெரு மூன்றையும் எழுதுங்கள்.

பூம் கேட்டில் (நுழைவாயில் தடுப்பில்) செக்யூரிட்டி என்ன கேட்பார் என்பதும் தாளில் இருக்க வேண்டும். சில இடங்களில் குடியிருப்பவர் போனில் அனுப்பும் எண் ஒரு முறைக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். சில இடங்களில் ஓட்டுநர் உரிமத்தையும் காரின் கண்ணாடியில் ஒட்டிய உரிம டிஸ்க்கையும் ஸ்கேன் செய்வார்கள். ஒப்பந்தக்காரர் உரிமத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அன்றைய வேலை அதோடு போச்சு. பணியாட்கள் சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு வரக்கூடாது என்று விதி வைத்திருக்கும் பாடி கார்ப்பரேட்டுகளும் (கட்டடத்தின் வீட்டு உரிமையாளர் சங்கங்களும்) உண்டு. கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்டிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய், அலாரம், கேட் மோட்டார் மூன்றையும் மறக்காமல் குறியுங்கள். நாயைக் கட்டி வைப்பார்களா, அறைக்குள் விடுவார்களா என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் இணைப்புள்ள வீட்டில் அலாரம் அடித்தால் துப்பாக்கியோடு ஆள் வந்து நிற்பார். கரன்ட் போனால் கேட் மோட்டார் பேட்டரியில் ஓடும். பேட்டரி பழசானால் கேட் திறக்காது. கையால் திறக்கும் சாவி யாரிடம் என்பதையும் எழுதி வையுங்கள்.

சாவி வளையத்தில் முகவரி எழுதவே கூடாது. தொலைந்தால் திருடனுக்கு வழிகாட்டிய மாதிரி ஆகிவிடும். ஒரு எண் மட்டும் போட்டு, எண்ணுக்குரிய வீடு எது என்பதைத் தனிப் பதிவேட்டில் வையுங்கள். யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, எப்போது திருப்பினார் என்று ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்குங்கள்.

நேரம் கேட்பதும் உறுதி செய்வதும்

வழக்கமான சோதனைக்கு 10 நாள் முன்பே பேச்சைத் தொடங்குங்கள். "எப்போது வரலாம்?" என்று கேட்டால் பதில் வராது, "இந்த நாளில் வருகிறோம்" என்று எழுதினால் கோபம் வரும். ஒன்று வார நாள் மாலை, ஒன்று வார இறுதி என்று இரண்டு நேரங்களை முன்வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் ஆன்ட்டி. உங்கள் ஃபிளாட்டில், கதவு எண் 12, ஆறு மாதச் சோதனை செய்ய வேண்டும். செப்டம்பர் 9 செவ்வாய் மாலை 4.30, அல்லது செப்டம்பர் 13 சனி காலை 9.30, இரண்டில் எது உங்களுக்கு வசதி? நானும் பிளம்பரும், இரண்டு பேர் மட்டும் வருவோம். 40 நிமிடம் ஆகும். சிங்க்கின் அடிப்பக்கம், கீசர், டிபி போர்டு (மின் சுவிட்ச் பெட்டி), கூரை, ஜன்னல்கள் பார்ப்போம். பழுது இருக்கும் இடத்தை மட்டும் படம் எடுப்போம். இரண்டும் சரிவராவிட்டால் உங்களுக்கு ஏற்ற நேரம் சொல்லுங்கள்."

யார், எத்தனை பேர், எவ்வளவு நேரம், எதைப் பார்க்க, படம் எடுப்போமா என்ற ஐந்தும் அதில் இருக்கின்றன. ஒன்று விடுபட்டாலும் வாசலில் கேள்வி வரும். குறிப்பாக ஆட்களின் எண்ணிக்கை: இரண்டு பேர் என்று சொல்லி நான்கு பேர் போய் நின்றால் அடுத்த முறை கதவு திறக்காது.

பதில் வந்ததும் அந்த நேரத்தை ஒப்பந்தத்தில் குறித்த வழியிலேயே முறையான அறிவிப்பாக அனுப்புங்கள். போனில் பேசி ஒப்புக்கொண்டாலும், "இப்போது பேசியபடி" என்று தொடங்கி ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். முந்தைய நாள் மாலை ஒரு நினைவூட்டல், கிளம்பும்போது ஒன்று. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தால் படித்தார் என்று மட்டுமே பொருள். சம்மதித்தார் என்று ஆகாது.

நாள் பார்ப்பதில் கொஞ்சம் இங்கிதம் வேண்டும். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம் வேண்டாம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளுக்குப் படையல் வைக்கும் வீடுகளில் காலை முழுவதும் அடுப்படி ஓய்வில்லாமல் இருக்கும். மேலே உள்ள மாதிரிச் செய்தியில் புரட்டாசி பிறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை வந்ததற்கு அதுதான் காரணம். ஈஸ்டர் வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் குவியும், அந்தப் பக்கம் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். முஸ்லிம் குடும்பம் என்றால் வெள்ளி மதியத் தொழுகை நேரத்தையும் நோன்பு மாதத்தில் மாலையையும் விட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் வீடுகளை அடுக்கும்போது ஒரு பக்கமாக அடுக்குங்கள்: சாட்ஸ்வர்த், மெர்பேங்க், இசிபிங்கோ ஒரு நாள், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் இன்னொரு நாள். மாலையில் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஸ்பெகட்டி ஜங்ஷனைக் கடக்க வேண்டியிருந்தால் சொன்ன நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. புதியவர் ஒரு நாளில் நான்கு வீட்டுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

வாசலிலும் உள்ளேயும்

சாவி இருந்தாலும் மணி அடித்து, திறக்கும்வரை நில்லுங்கள். அடையாள அட்டையைக் காட்டுங்கள். செருப்பை வெளியே விடுங்கள். கதவைத் திறந்தது சிறுவர் மட்டும் என்றால் உள்ளே போகவே கூடாது. பெற்றோருக்குப் போன் செய்து இன்னொரு நேரம் வாங்குங்கள். வீட்டு வேலை செய்பவர் திறந்தாலும் குடியிருப்பவரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். அவர் வேலைக்கு வந்தவர். அனுமதி கொடுக்கும் பொறுப்பை அவர் தலையில் ஏற்றுவது தவறு.

சுவரோடு பொருத்திய அலமாரி வீட்டுக்காரருடையதுதான், ஆனால் உள்ளே இருப்பவை அவருடையவை அல்ல. கதவு தொங்குகிறதா என்று பார்க்க வேண்டுமானால் குடியிருப்பவரையே திறக்கச் சொல்லுங்கள். ஆட்கள், குழந்தைகளின் படங்கள், மருந்து, கடிதங்கள், சாமி இடம் எதுவும் படத்தில் விழக்கூடாது. தனிநபர் விவரப் பாதுகாப்புக்கான போபியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. எடுத்த படங்களைச் சொந்தபந்தங்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதன்படியும் தப்பு.

முதலில் தண்ணீர் மீட்டர். எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லி, டாய்லெட் ஃபிளஷ் செய்யாமல், மீட்டர் எண்ணைப் படம் எடுங்கள். மற்ற அறைகளைப் பார்த்துவிட்டு 15 நிமிடம் கழித்து வாருங்கள். சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு. பிறகு கீசர்: அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறதா, வெளியே வரும் குழாயிலிருந்து சொட்டுகிறதா என்று பாருங்கள். டிபி போர்டில் எர்த் லீக்கேஜின் (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்சின்) டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே ட்ரிப் ஆக வேண்டும். அழுத்துவதற்கு முன் கட்டாயம் கேளுங்கள். உள்ளறையில் யாராவது கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருக்கலாம், யாருக்காவது ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் தவறவிடுவது ஈரச் சுவர். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே; தெற்குப் பார்த்த அறைகளுக்குக் குளிர்காலத்தில் வெயிலே வராது. டர்பனின் ஈரக்காற்றும் சேரும்போது அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை படரும். அது குடியிருப்பவர் ஜன்னல் திறக்காததால் வந்ததா, கூரை ஒழுகுவதால் வந்ததா என்பதைப் பிரித்து எழுதுங்கள்: மேலிருந்து இறங்கும் பழுப்புக் கறை ஒழுகல், மூலையிலும் மரச்சாமானுக்குப் பின்னாலும் புள்ளி புள்ளியாக வருவது காற்றோட்டக் குறை. மழை இங்கே கோடையில்தான். அதனால் ஒரு சோதனையைச் செப்டம்பரிலும் இன்னொன்றை மழை ஓய்ந்த பிறகும் வைத்துக்கொள்வது பொருத்தம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சரிவில் கட்டிய வீடுகளில் தாங்குசுவரையும் மழைநீர்க் கால்வாயையும் பார்க்காமல் வரக்கூடாது.

சாமி விளக்குக்கு மேலே கூரையில் படியும் கற்பூரப் புகை, கறிவேப்பிலை தாளித்த எண்ணெய்ப் பிசுக்கு போன்றவற்றைச் சேதம் என்று எழுதாதீர்கள். துடைத்தால் போகுமா, வண்ணம் அடிக்க வேண்டுமா என்று மட்டும் குறித்தால் போதும்.

வேறு ஆட்கள் வரும்போது

வீட்டை விற்க நேர்ந்தால் மின்சாரப் பாதுகாப்புச் சான்றுக்கு எலெக்ட்ரீஷியன், எலெக்ட்ரிக் ஃபென்ஸ், கேஸ் இருந்தால் அவற்றுக்கான ஆட்கள், இந்தக் கடற்கரைப் பகுதியில் வண்டுச் சான்றுக்கு (மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்பதற்கு) ஒருவர், வங்கியின் மதிப்பீட்டாளர், வாங்க வருகிறவர்கள் என்று வரிசை கட்டி நிற்பார்கள். ஆளுக்கொரு நாள் கேட்டால் எந்தக் குடும்பமும் சலித்துப்போகும். சான்றுக்காரர்களை ஒரே காலையில் 45 நிமிட இடைவெளியில் வரவழையுங்கள். வாங்குபவர்களுக்கு வாரத்தில் இரண்டு நேரங்களை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த மாதம் வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்க வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தால், வீடும் சுத்தமாக இருக்கும், கதவும் திறக்கும்.

செக்ஷனல் டைட்டில் கட்டடம் என்றால் பாடி கார்ப்பரேட் எழுத்தில் அதிகாரம் கொடுத்து அனுப்பும் ஆளை, அறிவிப்புக் கொடுத்து நியாயமான நேரத்தில் வந்தால், உரிமையாளர் உள்ளே விட வேண்டும். அவசரத்தில் அறிவிப்பே தேவையில்லை. குடியேறும் நாளிலேயே இதைக் குடியிருப்பவருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆள் இல்லாத நேரத்தில் கீழ்வீட்டுக்குத் தண்ணீர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் குடியிருப்பவருக்குப் போன், எடுக்காவிட்டால் மாற்று எண், பிறகு செய்தி. அதன் பின் செக்யூரிட்டியோ மேற்பார்வையாளரோ ஒருவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். தண்ணீரை நிறுத்துங்கள், அந்த இடத்தை மட்டும் படம் எடுங்கள், பூட்டுங்கள். வேறு அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். போன நேரம், வெளிவந்த நேரம், உடனிருந்தவர் யார் என்பதை உடனே எழுதி அனுப்புங்கள்.

குடியேறும்போதும் காலி செய்யும்போதும்

சட்டம் கட்டாயப்படுத்தும் சோதனைகள் இரண்டு. இவற்றில் நேரம் தவறினால் பணம் போகும்.

முதலாவது, குடியேறுவதற்கு முன். வீட்டுக்காரரும் குடியிருக்கப் போகிறவரும் சேர்ந்தே பார்க்க வேண்டும். குறைகளின் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். சாமான் லாரி வாசலில் நிற்கும்போது இதைச் செய்யாதீர்கள். சுவரைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. முந்தைய நாள் பகல் வெளிச்சத்தில், கரன்ட்டும் தண்ணீரும் இருக்கும்போது செய்யுங்கள். ப்ரீபெய்ட் மின்மீட்டர் எண், தண்ணீர் மீட்டர் அளவு, கொடுத்த சாவி, ரிமோட் எத்தனை என்பவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது, குத்தகை முடிவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், இருவருக்கும் தோதான நேரத்தில். மார்ச் 31 முடிகிறது என்றால் 29 அல்லது 30ஆம் தேதி வைத்துக்கொள்ளுங்கள். சாமான்கள் வெளியேறிய பிறகு, சாவி கைமாறுவதற்கு முன் என்று நேரம் பிடிப்பதுதான் சிறந்தது. கட்டில் இருக்கும்போது அதன் பின்னால் உள்ள சுவர் தெரியாது. மாதக் கடைசியில் ஊரே வீடு மாறும், லாரி பிந்தும். அதனால் ஒரு மாதம் முன்பே நாளைக் குறித்து, மாற்று நேரம் ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டில் ஒன்றைக் குடியிருப்பவர் உடனில்லாமல் வீட்டுக்காரர் முடித்துவிட்டாலோ, செய்யாமலே விட்டாலோ, வீடு நல்ல நிலையில் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். டெபாசிட் முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். கதவு உடைந்திருந்தாலும் அதே கதிதான். ஏஜென்சியில் வேலை செய்கிறவர் இந்தத் தவறைச் செய்தால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு, பழி இவருக்கு.

கூட்டுச் சோதனைக்கு அழைத்தும் குடியிருப்பவர் பதில் சொல்லவில்லையா? அழைத்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். குத்தகை முடிந்த 7 நாட்களுக்குள் வீட்டுக்காரர் தனியாகவே சோதித்துச் சேதத்தை மதிப்பிட வேண்டும். கழிவு (சேதத்துக்காக டெபாசிட்டில் பிடிக்கும் தொகை) போக மீதியை, குத்தகை முடிந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இருவரும் சேர்ந்து பார்த்துக் கழிவு இருந்தால், வீடு கைக்கு வந்த 14 நாட்களுக்குள் மீதி. எந்தக் கழிவும் இல்லையென்றால் 7 நாட்களுக்குள் முழுத்தொகையும் வட்டியும். பழுதுபார்த்த ரசீதுகளைக் குடியிருப்பவர் பார்க்கக் கேட்டால் காட்ட வேண்டும். ரசீது இல்லாத செலவைக் கழிக்கப் பார்க்காதீர்கள்.

கதவு திறக்க மறுத்தால்

பெரும்பாலும் மறுப்புக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவராக இருக்கலாம். மூன்று மாதத்துக்கு முன் சொன்ன பழுது இன்னும் சரியாகாத கோபமாக இருக்கலாம். வாடகை பாக்கி பற்றிப் பேச வருகிறார்கள் என்ற பயமாகவும் இருக்கலாம். "உங்களுக்கு எந்த நேரம் சிரமமில்லை, உடன் யார் இருந்தால் நல்லது?" என்று கேட்டாலே பாதிக் கதவுகள் திறக்கும். சோதனைக்குப் போகும் நாளில் வாடகைப் பேச்சை எடுக்காதீர்கள்.

இரண்டாவது தடவையும் மறுத்தால், முன்பு கொடுத்த தேதிகளையும் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு என்பதையும் குறிப்பிட்டு, புதிய நேரம் கொடுத்து எழுதுங்கள். அப்போதும் நடக்காவிட்டால் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் குவாசுலு-நட்டால் ரென்டல் ஹவுசிங் டிரிப்யூனலில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. வீட்டுக்காரர், குடியிருப்பவர் யார் வேண்டுமானாலும் போகலாம்; சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வரும் வீட்டுக்காரர் மீது குடியிருப்பவரும் போகலாம். ஒப்பந்தம், குறைப்பட்டியல், அனுப்பிய அறிவிப்புகள் தேதி வரிசையில், வந்த பதில்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

கரன்ட்டை நிறுத்துவது, தண்ணீரை அடைப்பது, பூட்டை மாற்றுவது மூன்றையும் எந்தக் கோபத்திலும் செய்யாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அப்படிச் செய்வது குற்றம். அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். புகார் பதிவான நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை, அல்லது மூன்று மாதம் முடியும்வரை, இதில் எது முந்துகிறதோ அதுவரை குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. அவர் வாடகையைத் தொடர்ந்து கட்ட வேண்டும், வீட்டுக்காரர் பழுதுகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அந்தப் பழுதுகளுக்கு ஆள் அனுப்பவும் முன்போலவே நாள் கேட்டு, எழுத்தில் உறுதி செய்துகொண்டுதான் போக வேண்டும்.